அப்பாவும் மாமா கொண்டுவந்த சீரும்

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இந்தக் கட்டுரையை சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் எழுதுவதாகத்தான் பேச்சு. "நீதான் வாய் ஓயாமப் பேசுவ, நீயே எழுது" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். பேசுவது வேறு, எழுதுவது வேறு என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. அப்பா இல்லாத முதல் பொங்கல் இப்போதுதான் கழிந்தது. வீட்டில் எல்லாருக்கும் அலுப்பு. அந்த அலுப்போடு எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது அரிமளத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். உடன்பிறந்தவர்களில் மூத்தவர். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட்டதால் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனார். பிறகு ரேஷன் கடையில் எடையாளர் வேலை, சில வருடம் கழித்து விற்பனையாளர். வல்லத்திராக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் கடை மாறி கடை மாறி, ஓய்வு பெறும் வரை அதே வேலைதான். தம்பி தங்கைகள் எல்லாருக்கும் முன்னே நின்று கல்யாணம் செய்து வைத்தார். அம்மாவை மணந்தது குன்றாண்டார்கோவில் பக்கத்தில். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். என்னைவிட நன்றாகவே தெரியும்.

நான் எழுத வந்தது, உங்களில் சிலருக்குத் தப்பாகத் தெரிந்த ஒன்றை. "பொங்கல் வந்தா அவரு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு" என்று நம் சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. துக்கத்துக்கு வந்த இடத்திலும் யாரோ அதைச் சொல்ல, அம்மா காதில் விழுந்தது. இந்த நினைவு மலர் போடுகிறோம் என்றதும் அம்மா என்னிடம் கேட்டது இது ஒன்றைத்தான்: "அதை மட்டும் சரி பண்ணிரு."

சரி பண்ணுகிறேன்.

ரேஷன் கடைக்காரர் வீட்டுப் பொங்கல் மற்ற வீட்டுப் பொங்கலைப் போல இருக்காது. ஊருக்கெல்லாம் பச்சரிசி, சர்க்கரை, கரும்பு கொடுத்து முடிக்கும்வரை எங்கள் வீட்டுக்குப் பொங்கல் வராது. அரசாங்கப் பொங்கல் பரிசுக்கு டோக்கன் கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அப்பா சாப்பிடுவது குறையும். விடிவதற்குள் கரும்பு லாரி வரும். இறக்கி, எண்ணி முடிப்பதற்குள் வரிசை ரோடு வரைக்கும் போயிருக்கும். மெஷினில் ஒருவருக்குக் கைரேகை விழாது. "நேத்துக் களை எடுத்த கை, எப்பிடிங்க விழும்? நல்லாத் தொடச்சுட்டு வைங்க" என்பார் அப்பா. பின்னால் நிற்பவர் சத்தம் போடுவார். விடுமுறைக்கு நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு அக்கா தனக்கு வந்த கரும்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏண்ணே, நல்லாப் பருத்ததெல்லாம் ஒங்க மாமியா வீட்டுக்குப் போயிருச்சா?" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. அப்பாவும் சிரித்துக்கொண்டே வேறு கரும்பு எடுத்துக் கொடுத்தார். ஆனால் போகி அன்று கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார். அறைக்குள் போய்ப் படுத்துவிடுவார். பொங்கல் பொங்கும்போது அம்மா கூப்பிட்டால் எழுந்து வந்து கும்பிட்டுவிட்டு மறுபடியும் போய்ப் படுப்பார். காணும் பொங்கல் கழியும் வரை அப்படித்தான்.

வேலைக் களைப்பு என்று நாங்கள் நினைத்தோம். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள். ஓய்வு பெற்றுவிட்டால் சரியாகிவிடும் என்று அம்மா வருடாவருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓய்வும் பெற்றார். முதல் பொங்கல் வந்தது. டோக்கன் இல்லை, லாரி இல்லை, வரிசை இல்லை. மார்கழி பாதியிலேயே அப்பா மௌனமாகிவிட்டார். போகிக்கு அறைக்குள் போனவர் வெளியே வரவில்லை.

அன்றுதான் மாமாவின் சங்கடம் தொடங்கியது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அம்மாவுக்குக் கல்யாணம் ஆன வருடத்திலிருந்து ஒரு பொங்கல்கூட விடாமல் சீர் கொண்டுவந்தவர். பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, வாழைத்தார், கரும்புக் கட்டு எல்லாவற்றையும் போகி அன்று காலையில் கொண்டுவந்து இறக்குவார். வீட்டு மாப்பிள்ளை வாசலில் நின்று வாங்கி, மைத்துனரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதுதான் முறை. அப்பா வேலையில் இருந்தவரை, "கடையை விட்டுட்டு எப்பிடி வருவாரு" என்று மாமாவே சொல்லிவிடுவார். இப்போது மாப்பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருக்கிறார், ஆனால் வெளியே வரவில்லை. மாமா வாசலில் நிற்க, அம்மா தானே தாம்பாளத்தை வாங்கினார்.

நம் ஊர்ப்பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை பொங்கலன்று முகம் கொடுக்கவில்லை என்றால், எல்லாருக்கும் ஒரே ஒரு காரணம்தான் தோன்றும். சீரில் ஏதோ குறை.

மாமாவுக்கும் அதுதான் தோன்றியது. அடுத்த வருடம் கரும்பு, ஆள் கை தடிமனுக்கு வந்தது. அப்பா எழவில்லை. அதற்கடுத்து, சாதாரணப் பானைக்குப் பதிலாக வெண்கலப் பானை வந்தது. அப்பா எழவில்லை. பிறகு கிரைண்டர். அதற்குப் பிறகு ஒரு லோடு ஆட்டோவில் தேக்கு மரக் கட்டில் வந்து இறங்கியது.

"என்னண்ணே இது? பொங்கலுக்கு யாராச்சும் கட்டில் கொண்டாருவாகளா?" என்று அம்மா கேட்டார்.

"மாப்ள படுத்தே கெடக்காரு. பழைய கட்டிலு முதுகுக்கு ஆகலையோ என்னமோ."

அண்ணன் போனில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அன்று அப்பா அந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தார், சுவர் பக்கம் திரும்பி.

எனக்குச் சும்மா இருக்க வராது. இதற்கு என்ன வழி என்று போனில் தேடித் தேடிப் படித்தேன். காலை வெயிலில் நடக்க வேண்டும் என்று போட்டிருந்தது, அப்பாவை இழுத்துக்கொண்டு கண்மாய்க் கரையில் நடந்தேன். பிடித்த வேலை கொடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது, அவர் வீட்டில் சேர்த்து வைத்திருந்த பழைய தராசுகளையெல்லாம் துடைக்கக் கொடுத்தேன். பாவம், அதையும் துடைத்தார். யூடியூபில் மூச்சுப் பயிற்சி போட்டுக் காட்டினால், மூன்றாவது மூச்சில் தூங்கிவிடுவார். கடைசியில் புதுக்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அம்மாவுக்கு அதில் பயம், ஊர் என்ன சொல்லுமோ என்று. அந்த மருத்துவர் அவசரப்படாமல் கேட்டார். அப்பாவும் பதில் சொன்னார், நாங்கள் ஒருநாளும் கேட்டிராத அளவுக்கு.

"மார்கழி பொறந்து ஊரு தடபுடலாகும்போது எனக்கு உள்ளுக்குள்ள எறங்கிருதுங்க. மோட்டார் ஓடுது, தண்ணி வரலைன்னு வைங்க. அப்பிடி இருக்கும். எல்லாரும் சிரிச்சுக்கிட்டு வாராங்க, நான் மட்டும் பொணமாட்டம் நிக்கிறேனேன்னு அது வேற வேதனை."

"ஏதாவது நடந்ததா, அந்த நாட்கள்ல? பழைய சம்பவம் ஏதாவது?" என்று மருத்துவர் கேட்டார்.

"அதைத்தாங்க நானும் இத்தனை வருஷமா யோசிக்கிறேன். ஒண்ணும் இல்லை."

காரணம் தெரிந்தால்தான் மருந்து என்றில்லை என்று அவர் மாத்திரை எழுதினார். கார்த்திகை கடைசியிலேயே வந்து பார்த்துவிட வேண்டும் என்றார். மாத்திரையால் கொஞ்சம் குணம் தெரிந்தது. தூக்கம் வந்தது, சாப்பாடு இறங்கியது. பொங்கல் நான்கு நாள் மட்டும் அப்படியேதான் இருந்தது. அப்பாவே ஒருநாள் என்னிடம், "மீதி நாளெல்லாம் மீட்டுக் கொடுத்துட்டேல்ல ஆத்தா, இந்த நாலை விட்ரு" என்றார். என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

விட்டிருக்கலாம். ஆனால் அதற்கு முன் வந்த போகி அன்றே மாமா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "கொண்டாந்து கொண்டாந்து நானும் சின்னப்பட்டுப் போனேன். என் மக்களுக்கு முன்னாடி எனக்குத் தலைகுனிவா இருக்கு. அடுத்த வருஷமும் மாப்ள எலையில ஒக்காரலைன்னா இத்தோட நிறுத்திக்கிருவோம் தங்கச்சி."

சீர் நின்றால் என்ன, கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கு அது அப்படி இல்லை. சீர் நிற்பது என்றால் அண்ணன் வீட்டு வாசல் அடைபடுவது. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு யார் முன்னால் வந்து நிற்பது? அந்த வருடம் முழுக்க அம்மா அதைச் சுமந்துகொண்டு திரிந்தார். "அவருக்கு ஒடம்புக்கு முடியலைன்னு சொல்லிரும்மா" என்றால், "எல்லாப் பொங்கலுக்கும் கணக்காக் காய்ச்சல் வருமாடி?" என்பார். மாத்திரை விஷயத்தைச் சொல்லவும் அவருக்கு மனமில்லை.

ஆகவே போன வருடப் பொங்கலுக்கு நாங்கள் அப்பாவிடமே கேட்டோம். ஒரு மணி நேரம். வாசலில் நின்று சீர் வாங்கி, இலையில் உட்கார்ந்து எழுந்தால் போதும்.

"ஒரு மணி நேரந்தானே. ஒக்காந்துர்றேன்" என்றார் அப்பா.

போகி அன்று குளித்து, வேட்டி சட்டை போட்டு, வாசலில் வந்து நின்றார். மாமா வண்டியிலிருந்து இறங்கியதும் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டார். "வாங்க மச்சான்" என்றார் அப்பா. தாம்பாளத்தைக் கையில் வாங்கினார். அம்மா அடுப்படிக்குள் ஓடிப்போய் நின்றுகொண்டார். இலை போட்டோம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பருப்பு, நெய் விட்டாயிற்று. மாமா சந்தோஷத்தில் ஏதேதோ பேசுகிறார், நெல் விலை, பேரனின் பள்ளிக்கூடம். அப்பாவின் கை சோற்றின் மேல் இருக்கிறது. பிசையவில்லை. வேர்த்துப் போய் உட்கார்ந்திருக்கிறார். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

"என்ன மாப்ள, கை ஓடலை?"

அப்பா நிமிர்ந்து மாமாவைப் பார்த்துச் சொன்னார்: "மச்சான், ஒங்க சீர்ல ஒருநாளும் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் இந்த நாலு நாளும் ஆகமாட்டேங்குது. மனசு எறங்கிருது. அதுக்கு மாத்திரை சாப்பிடுறேன். ஏன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது. தெரிஞ்சா ஒங்ககிட்ட சொல்ல மாட்டேனா?"

அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. மாமா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப அந்தக் கட்டிலு?"

"கட்டிலு நல்லாருக்கு மச்சான். தூக்கமும் வருது."

"மொதல்லயே சொல்லிருந்தா அதை என் வீட்லயே போட்ருப்பேன்ல மாப்ள. நானும் முதுகு வலியிலதான் கெடக்கேன்."

அப்பா சிரித்தார். பொங்கல் நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது கடைக்கு வெளியே அது ஒன்றுதான். பிறகு மாமா அப்பாவின் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "போய்ப் படுங்க. ரெண்டு எலையையும் நான் பாத்துக்கிறேன். தங்கச்சி, கொழம்பை இங்கிட்டுக் கொண்டா" என்றார். சொன்னபடியே இரண்டு இலையையும் முடித்தார். முடித்துவிட்டு அப்பாவின் அறைக்குள் போய்க் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. சாயங்காலம் ஊருக்குக் கிளம்பும்வரை அப்படியே இருந்தார். "அடுத்த வருஷம் வாரேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாசி பிறந்து சில நாட்களில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். காப்பாற்ற முடியவில்லை. மனக்கவலையில் போய்விட்டார் என்று நினைப்பவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். அது இருதய அடைப்பு. அதற்கு முதல் நாள்கூட அப்பா நன்றாகச் சாப்பிட்டு, அண்ணனோடு போனில் பேசிவிட்டுத்தான் தூங்கினார்.

இந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பானை வைக்கவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து தூக்குவாளிகளில் பொங்கல் வந்துகொண்டே இருந்தது. தின்ன ஆளில்லை. வந்தவர்கள் எல்லாரும் அம்மாவிடம் தைரியமாக இருக்கச் சொன்னார்கள். அம்மா எல்லாருக்கும் தலையாட்டினார். சாயங்காலத்துக்குள் எனக்கே, எங்காவது சுவர் பக்கம் திரும்பிப் படுத்தால் போதும் என்று இருந்தது. துக்க வருடத்தில் சீர் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதால் மாமா எதுவும் கொண்டுவரவில்லை. "கையை வீசிக்கிட்டு வந்துட்டேன் தங்கச்சி" என்று வாசலிலேயே தயங்கினார். "அதுக்கென்னண்ணே, உள்ள வாங்க" என்றார் அம்மா.

அப்பாவை மருத்துவமனைக்குக் காரில் கொண்டுபோன எதிர் வீட்டுத் தம்பிக்கும், இறுதிக் காரியங்களில் முன்னே நின்ற பங்காளிகளுக்கும், கடையை அரைநாள் சாத்திவிட்டு வந்து தோள் கொடுத்த அப்பாவின் பழைய எடையாளர்களுக்கும், ரேஷன் அட்டைப் பழக்கம் ஒன்றுக்காகவே பக்கத்து ஊர்களிலிருந்து வந்து மாலை போட்டவர்களுக்கும், அப்பா சொன்னதைப் பொறுமையாகக் கேட்ட மருத்துவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்.

அடுத்த வருடம் தை மாதம் எங்கள் வீட்டில் பொங்கல் உண்டு. வர முடிந்தவர்கள் எல்லாரும் வாருங்கள். வந்த இடத்தில் உட்கார முடியாமல் போனால், அப்பாவின் அறை திறந்திருக்கும், போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். வரவே முடியவில்லை என்றால் முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். காரணம் கேட்க மாட்டோம்.