பற்றாத விடை

கழுகுமலைத் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் பூங்கொடிக்கு மத்தியான இடைவேளையில் ஒரு கணக்குப் போட்டால்தான் சோறு இறங்கும். மகள் கல்லூரிக்குப் போனதும் அவளுடைய பள்ளிக் கணக்குப் புத்தகம் இவள் கைக்கு வந்துவிட்டது.

அன்றைய கணக்கு இது: ஓர் எண்ணோடு ஆறைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதே எண் வரவேண்டும். இருபக்கமும் வர்க்கப்படுத்திப் போட்டாள். மூன்று, மைனஸ் இரண்டு என்று இரண்டு விடைகள் வந்தன. புத்தகத்திலோ மூன்று மட்டும்தான் இருந்தது.

"ஏட்டி, புத்தகத்தை ஏன் முறைக்கே?" என்றாள் பக்கத்தில் சாப்பிட்ட கல்யாணசுந்தரி.

"புத்தகம் எழுதினவன் ஒரு விடையை முழுங்கிட்டான்க்கா. இவன் புத்தகம் போடலன்னு யாரு அழுதா?"

அதே கோபத்தோடு வேலைக்குத் திரும்பினாள். வரும் குச்சிகளில் சிலவற்றை எடுத்து உரசிப் பார்ப்பது அவள் பொறுப்பு. ஒரு குச்சி பற்றியது. அச்சு அசலாக அதைப் போலவே இருந்த இன்னொன்று, உரசியதும் மருந்து உதிர்ந்து பற்றாமல் நின்றது.

பூங்கொடியின் கையும் நின்றது. மைனஸ் இரண்டோடு ஆறைக் கூட்டினால் நான்கு. அதன் வர்க்கமூலம் இரண்டு; மைனஸ் இரண்டு இல்லையே! வர்க்கப்படுத்தியபோது மைனஸ் மறைந்து, போலி விடை உள்ளே புகுந்திருக்கிறது.

மறுநாள் கணக்கிலும் இரண்டு விடைகள் வந்தன. இரண்டையும் சமன்பாட்டில் போட்டு உரசினாள். இரண்டுமே பற்றவில்லை. 'விடை இல்லை' என்று பெரிதாக எழுதிவிட்டு, திருப்தியாகத் தூக்குவாளியைத் திறந்தாள்.