மேபல் எத்தனை கிலோ?

“பதினெட்டு,” என்று முணுமுணுக்கிறாள் ரெனாட்டா. சூப்பர் மார்க்கெட் வரிசையில் அவளுக்கு முன்னால், தள்ளுவண்டிக்குள் உட்கார்ந்து வாழைப்பழம் தின்கிற சிறுமியின் எடை அது. அம்மாவைக் கேட்டால் நாற்பது பவுண்டு என்பாள். ஒஹாயோவில் எந்தத் தாயும் பிள்ளையின் எடையைக் கிலோவில் சொன்னதில்லை. ஆம்புலன்ஸில் இருக்கும் மருந்து அட்டவணையோ கிலோவைத் தவிர வேறொன்றும் அறியாது. பவுண்டைப் பாதிக்கும் கீழே குறைத்தால்தான் கிலோ. பிள்ளை வலிப்பில் வெட்டி இழுக்கும்போது, தாய் பக்கத்தில் நின்று அலறும்போது, அந்தக் கணக்கை மனசுக்குள் போட்டாக வேண்டும். அதனால் கண்ணில் படுகிற குழந்தைகளையெல்லாம் ரெனாட்டா கண்ணாலேயே எடை போட்டுக்கொண்டே நடக்கிறாள்.

நான்காம் எண் தீயணைப்பு நிலையத்தில் அவளுக்கு இது பதினாறாவது வருடம். நெருப்பையும் அணைப்பாள், நிலையத்து ஆம்புலன்ஸில் போய் ஊசியும் போடுவாள். மணி அடித்தால் பத்தில் எட்டு தடவை மாரடைப்பு, மூச்சுத்திணறல், வலிப்புதான். ஆனாலும் தண்ணீர்க் குழாய்களை வாரம் தவறாமல் விரித்துச் சோதிக்கச் சொல்கிற தலைமை அலுவலகம், வைத்தியத்துக்கு மட்டும் கணினி முன்னால் உட்கார்ந்து ‘அடுத்து, அடுத்து’ என்று தட்டினால் போதும் என்கிறது. “படம் பாத்து நீச்சல் கத்துக்கிட்டவன ஏரியில தள்ளிவிட்டுப் பாருங்களேன், தெரியும் சேதி!” என்பாள்.

காலையில் காபிக்கு முன்னால் எல்லாரும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் தவழ்ந்து போய், அங்கே கிடக்கும் பெரிய பொம்மையின் தொண்டையில் மூச்சுக்குழாய் செருக வேண்டும். அது அவள் வைத்த சட்டம். மேசை மேலேயே வைத்துச் செய்யலாமே என்று முனகினால் பிடித்துக்கொள்வாள். “நோயாளி உனக்குத் தோதா கட்டில்லயா படுத்திருப்பான்? கக்கூஸுக்கும் சுவத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டுதான் கெடப்பான். போடா உள்ள.”

குழந்தைப் பொம்மை ஒன்றும் இருந்தது. பழுது பார்க்கவென்று தலைமை அலுவலகம் எடுத்துப்போய் இரண்டு வருடமாயிற்று. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ரெனாட்டா, உருளைக்கிழங்கு மூட்டைக்கு ஒரு பூப்போட்ட சட்டையை மாட்டி ‘மேபல்’ என்று பெயர் வைத்தாள். சமையலுக்குக் கிழங்கு எடுக்க எடுக்க மேபல் இளைப்பாள். புது மூட்டை வந்தால் கொழுப்பாள். ஒவ்வொரு வேலைநாளும் அவளைத் தராசில் வைத்து எடையைப் பவுண்டில் சொல்வார்கள். கிலோவாக்கி, மருந்துக்குப் பதிலாகத் தண்ணீரைச் சரியான அளவு சிரிஞ்சில் இழுக்க வேண்டும். தப்பு விட்டவன் அன்றைக்குக் கிழங்கு உரிக்க வேண்டும். “பாவி மக, மறுபடியும் இளைச்சுட்டா,” என்று சிரித்துக்கொண்டே உரிப்பான் டெரல், அவளோடு ஆம்புலன்ஸில் போகிறவன்.

ரெனாட்டா சிரிப்பதில்லை. போன மார்ச் மாதத்திலிருந்து.

ஏழாம் நிலையத்து வெஸ், ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றுக்கு வலிப்பு மருந்தை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டான். தாய் சொன்ன பவுண்டை அப்படியே கிலோ என்று எடுத்துக்கொண்டான். பிள்ளையின் மூச்சு நின்றது. ஆஸ்பத்திரி வாசல் வரை முகத்தில் காற்றுப்பையை வைத்து அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்துக் காப்பாற்றினார்கள். வெஸ்ஸை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியாயிற்று. ஆனால் அவனுடைய வருடாந்திரத் தேர்ச்சித் தாளில் ‘குழந்தை மருந்தளவு: நேரில் செய்து காட்டினார்’ என்ற கட்டத்தில் அழகான கையெழுத்து ஒன்று இருந்தது. அது ரெனாட்டாவின் கையெழுத்து. பக்கத்து நிலையங்களுக்கும் இதைச் சோதித்துக் கையெழுத்திடும் சோதகர் அவள்தான். அவன் செய்து அவள் பார்க்கவே இல்லை. முப்பது தாள்களை அடுக்கிவைத்துக் கையெழுத்து வாங்குவது வழக்கம், அவளும் போட்டாள். அதைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

இந்த வருடத்துத் தாள்களோடு நிலையத்துக் கேப்டன் லுட்விக் வந்தது, அவர்கள் மதியச் சமையலுக்கு உட்கார்ந்த நேரம். நெருப்புக்குள் கண்ணை மூடிக்கொண்டு அவர் பின்னால் போகலாம். அவ்வளவு நல்ல மனிதர்.

“பன்னண்டு மணிக்குள்ள அனுப்பணும், ரெனாட்டா. சட்டுனு போட்டுக் குடு.”

“செஞ்சு காட்டினவங்களுக்குப் போட்டுட்டேன், கேப்டன். இதோ, நம்ம நிலையத்து ஆறு பேர். மத்ததைத் தொட மாட்டேன்.”

“ஏழாம் நிலையத்து ஆளுங்கள எங்க போய்ப் பிடிப்ப? நீ போடலைன்னா உன்னைச் சோதகர் பொறுப்புலேந்து எடுத்துடுவாங்க. ஆம்புலன்ஸ்லேந்தே எடுத்தாலும் எடுப்பாங்க. நாளைக்கு வேற ஒருத்தன் வந்து நூறு தாள்ல போடுவான். என்னத்த சாதிச்ச?”

“பிள்ளை நீலமா போச்சு, கேப்டன்! என் கையெழுத்த நம்பித்தானே அவன் கையில ஊசியக் குடுத்தீங்க? வெக்கமா இல்ல நமக்கு?”

அவர் எதிரில் உட்கார்ந்து பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். ரெனாட்டா தாள்கட்டைப் புரட்டினாள். கடைசித் தாளில் இருந்தது அவருடைய பெயர்தான். அவரும் ஊசி போட உரிமம் வாங்கியவர்; ஆனால் மேபல் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை. அவள் எழுந்துபோய் மேபலைத் தூக்கிவந்து அவர் மடியில் போட்டு, சிரிஞ்சையும் தண்ணீரையும் முன்னால் வைத்தாள்.

“நாப்பத்திநாலு பவுண்டு. வலிப்பு. நான்தான் அம்மா.” சொல்லிவிட்டு மேசையைப் படபடவென்று தட்டி அலறத் தொடங்கினாள். “ஏதாவது செய்யுங்களேன்! என் பொண்ணு சாகுறா! என்ன பாத்துட்டு நிக்கிறீங்க!”

“ஏய், என்ன இது...” என்றார் கேப்டன். அலறல் நிற்கவில்லை. அவர் காது சிவந்தது. சிரிஞ்சை எடுத்தார். உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டார். அவசரமாகத் தண்ணீரை இழுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு மில்லிக்குக் கீழே நிற்க வேண்டிய தண்ணீர் ஒன்றே முக்காலில் நின்றது. இரண்டு மடங்குக்கு மேல், வெஸ் போட்ட அதே கணக்கு.

ரெனாட்டா அலறலை நிறுத்தினாள். டெரல் பழக்கத் தோஷத்தில் கிழங்கு உரிக்கும் கத்தியை அவர் பக்கம் தள்ளினான். அவள் அதை ஒதுக்கிவிட்டு, கேப்டனின் விரல்களிலிருந்து சிரிஞ்சை மெதுவாக விடுவித்தாள். இழுத்தது இழுத்தபடியே அதை அவருடைய தாளில், கையெழுத்துக் கட்டத்தின் மேல் வைத்து, வெள்ளைப் பிளாஸ்திரியைப் பல்லால் கிழித்து இரண்டு பக்கமும் அழுத்தி ஒட்டினாள்.