சமையலறையில் பிந்தி ஒலித்த குரல்

மாசி மாதம், ஞாயிறு, முற்பகல். கூடத்திலும் படுக்கையறையிலும் ஒலிபெருக்கிகள் பொருத்தப்பட்டன. பழைய மடிக்கணினியிலிருந்து இரண்டுக்கும் ஒயர் இழுக்கப்பட்டது. சமையலறைக்கு ஒயர் எட்டவில்லை. அங்கே பழைய கைப்பேசியொன்றும் சிறிய ஒலிபெருக்கியும் வைஃபை வழியே இணைக்கப்பட்டன. மூன்றிலும் ஒரே வானொலி ஒலித்தது. சமையலறை சற்றே பிந்தியது.

இவை எதற்கு என்ற காரணத்தை அன்று குறித்து வைக்கவில்லை. மனைவி ஐப்பசியில் இறந்தாள். வார நாட்களில் பக்கத்துப் பனியன் கம்பெனியின் தையல் இயந்திரங்கள் என் வீட்டையும் சேர்த்து நிரப்பிவிடும். ஞாயிறன்று அவை ஓடுவதில்லை. ஓர் அறையில் வானொலி வைத்தால், அடுத்த அறை ஓசையின்றி அப்படியே இருந்தது.

பிந்துவதைச் சரிசெய்யலாம். மெதுவாக வருவதை விரைவுபடுத்த இயலாது. விரைவாக வருவதையே காத்திருக்கச் செய்ய வேண்டும். இயற்பியல் கற்பித்தவனுக்கு இது பெரிய கணக்கன்று. அலுப்பாக இருந்தது, விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு காங்கேயத்திலிருந்து தங்கை வந்தாள்.

“ஏனுங்ண்ணா, வருசம் திரும்பல, அதுக்குள்ள ஊடு பூராப் பாட்டுங்களா?”

“பாட்டில்லம்மா. செய்திதான்.”

“செய்தின்னாச் சனம் பேசாதுங்களாக்கு. கல்யாண மண்டபத்துலகூட இத்தன ரேடியோ இல்லீங்க.”

அவள் பேசுவது கேட்கட்டும் என்று கூடத்து ஒலியைக் குறைத்தேன். சமையலறையை மறந்துபோனேன். சிறிது நேரத்தில் அங்கிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. செய்தி வாசிப்பவர்தான்.

“இதோ வர்றேன்” என்று எழுந்தேன்.

தங்கை கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தாள். மனைவி அங்கிருந்து கூப்பிடும்போது நான் சொல்வது அது. நானே போய் வானொலியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

“புள்ளகிட்டப் போயிருங்ண்ணா. ‘நீங்க சொன்னா அப்பா கேப்பாரு அத்தை’ன்னு அதுதான் என்னைய அனுப்புச்சு. இந்த ஊட்ல தனியா வேண்டாங்ண்ணா.”

தனியாக இருக்க முடியும் என்று நிறுவுவதற்கே இவ்வளவும் செய்திருந்தேன். அதை அப்போது அவளிடம் வாதாட இயலவில்லை. சித்திரைக்குள் வந்துவிடுவதாக அன்றே மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் அழுதாள். நான் பேருந்து வசதியைப் பற்றிப் பேசினேன்.

இப்போது வைகாசி. செய்யாமல் நிற்பவை:

எரிவாயு இணைப்பை ஒப்படைப்பது.
பால்காரரிடம் நிறுத்தச் சொல்வது.
மனைவியின் சேலைகளைத் தங்கைக்குக் கொடுத்தனுப்புவது.
எந்தத் தேதியில் வருகிறேன் என்று மகளுக்குச் சொல்வது.