நாற்காலி கலைகிற கல்லூரிக்குத்தான் அனுப்பினேன்

என் மனைவியின் அண்ணனுக்கு நான் நான்கு லட்சம் கடன்பட்டிருந்தேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களுக்கு வேலை மிச்சம்.

பன்னிரண்டு நாற்காலியோடு வாடகைத் தொழில் தொடங்கி, இன்று நாலாயிரத்து எண்ணூறு நாற்காலி வைத்திருப்பவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். அந்த நாலாயிரத்து எண்ணூறில் ஒரு காலைக்கூடக் கடன் வாங்கி வாங்கவில்லை. ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் இன்னொருவர் முன்னால் கை நீட்டினேன். அதுவும் என் மகளுக்காக.

இது அவளுடைய கதை. ஆனால் நாற்காலியைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

கல்யாணம், கட்சிக் கூட்டம், ஆண்டு விழா எதுவானாலும், போடும்போது எல்லா நாற்காலியும் ஒரே வரிசைதான். திரும்ப எடுக்கப் போகும்போதுதான் சங்கதி தெரியும். ஆட்கள் அடுக்கத் தொடங்கும் முன் நான் ஒரு நிமிடம் மண்டப வாசலில் நின்று பார்ப்பேன். வரிசை அப்படியே இருந்தால், வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், முன்னால் பார்த்தார்கள், எழுந்து போனார்கள் என்று அர்த்தம். நாலு நாற்காலி வட்டமாகத் திரும்பி, இரண்டு மூலைக்குப் போய், ஒன்று சன்னலோரம் இன்னொன்றின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அங்கே மனிதர்கள் பேசியிருக்கிறார்கள். வரிசை கலையாத இடத்துக்காரர் அடுத்த வருடம் பாதி நாற்காலிதான் கேட்பார். கலைத்தவர் இன்னும் இருநூறு போடச் சொல்வார். முப்பத்தைந்து வருடமாக இந்தக் கணிப்பில் நான் தோற்றதில்லை. படித்தவர்கள் இதற்கு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். எனக்குப் பெயர் தேவைப்படவில்லை, சோறு போட்டது.

என் மகள் படிப்பில் நெருப்பு. வாய் மட்டும் திறக்காது. வீட்டுக்குள் எண்ணி எண்ணிப் பேசுவாள். வாசற்படியைத் தாண்டினால் அதுவும் போச்சு. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, கடைசி நிறுத்தம் வரை போய் நடந்தே திரும்பி வந்தவள். என் மச்சான் அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

பட்டப்படிப்பில் கல்லூரியிலேயே முதல். மூன்று கம்பெனியில் எழுத்துத் தேர்வு எழுதினாள். மூன்றிலும் தேறி, மூன்றிலும் நேர்முகத்தில் வெளியே வந்தாள். மூன்றாவது தடவை நானே சாமான் வேனில் அழைத்துப் போனேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். எதிரே மூன்று பேர் கேட்கிறார்கள், இவள் மேசை விளிம்பையே பார்க்கிறாள். உதடு அசைகிறது, எதிரே இருப்பவர்கள் காதைச் சாய்க்கிறார்கள். ஆறே நிமிடம். வேனில் ஏறியதும், "எல்லாத்துக்கும் பதில் தெரியும்ப்பா" என்றாள். வீடு வரும்வரை வேறு பேச்சில்லை. நாலாயிரம் பேரை உட்கார வைத்த எனக்கு, ஒருத்தியைப் பேச வைக்கத் தெரியவில்லை.

வெளிநாட்டில் மேல்படிப்பு என்ற யோசனை அதற்குப் பிறகு வந்தது. என்னிடம் இருந்ததையெல்லாம் துடைத்து வைத்தாலும் நான்கு லட்சம் குறைந்தது. மச்சானிடம் போனேன்.

மச்சான் வங்கியில் முப்பத்திரண்டு வருடம் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பணம் கொடுக்கிறவர், வாங்குகிறவரின் விரித்த உள்ளங்கையில் ஒவ்வொரு நோட்டாக வைத்து, வாய்விட்டு எண்ண வேண்டும். "கையில விழறது காதுலயும் விழணும், மாப்பிள்ளை" என்பார். ஐந்நூறு ரூபாய்க் கட்டு எட்டையும் பிரித்து, எண்ணூறு நோட்டையும் அப்படியே எண்ணினார். நான் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிப்போனது. கை மரத்துப்போனது. முன்னறையில் இருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எண்ணி முடித்ததும் அச்சடித்த பட்டியல் ஒன்றை எடுத்தார். மஞ்சள் மையால் ஒரு வரியில் கோடு போட்டிருந்தார்.

"உலகத்துலயே இருபத்திரெண்டாவது இடம். மலை மேல, ஊருக்கு வெளியே. ராத்திரி பகலா லைப்ரரி தொறந்திருக்கும். ஒரு ஈ காக்கா சத்தம் இருக்காது. நம்ம ஊமைக்கோட்டானுக்குன்னே கட்டி வச்சிருக்கான்."

நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். பணம் வாங்கிய தலை ஆடத்தான் செய்யும்.

மலைக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அதே வாரம் இன்னொன்றும் வந்தது. அது ஏதோ துறைமுக ஊர்ப் பல்கலைக்கழகம். பட்டியலில் நூற்றெண்பதாவது இடம். மகள் இரண்டாவது கடிதத்தைத்தான் என் கையில் கொடுத்தாள்.

"இங்கதான்ப்பா."

"ஏன்? இங்க என்ன இருக்கு?"

"நூத்தி அறுபது கிளப்பு."

"கிளப்பா? சீட்டாடவா போற?"

"சேந்து பாடறது, படகு ஓட்டறது, நாடகம், விவாதம்... எல்லாத்துக்கும் ஒரு கூட்டம் இருக்கு. அறையிலயே இருந்தா வந்து கதவைத் தட்டுவாங்களாம்."

"உனக்கு எதுக்கும்மா அது? காசு குடுத்தவரு மலைன்னு சொல்றாரு."

 அவள் பிறந்ததிலிருந்து நான் கேட்டதிலேயே நீளமான பேச்சை அப்போது பேசினாள்.

"மலைக்குப் போனா ரெண்டு வருஷம் வாயத் தொறக்கவே வேண்டாம்ப்பா. நல்லா மார்க் வாங்குவேன். திரும்பி வந்து அதே மேசையப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்."

அப்போதும் நான் முடியாது என்றுதான் சொன்னேன். எழுதுவதற்கு வெட்கமாக இருந்தாலும் நடந்தது அதுதான்.

மறுநாள் மத்தியானம் கிடங்குக்கு வந்தாள். உடைந்த நாற்காலிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மலைக் கல்லூரியில் புது மாணவர்களை வரவேற்ற நாளின் படம். நிகழ்ச்சி முடிந்து, விளக்கை அணைக்கப் போகும் நேரம். முந்நூறு நாற்காலி. நூல் பிடித்த மாதிரி வரிசை.

அடுத்த படம் துறைமுகக் கல்லூரி. அதே மாதிரி வரவேற்பு நாள், அதே மாதிரி முடிந்த நேரம். நாற்காலிகள் ஊரைக் கூட்டியிருந்தன! பத்துப் பன்னிரண்டு வட்டங்கள். ஒன்று மேசை மேல் ஏறி நின்றது. இரண்டு வெளியே புல்தரைக்கே போயிருந்தன. ஒன்றின் முதுகில் யாரோ மறந்துபோன சட்டை. பழக்கதோஷம், கை தானாகச் சேதத்தை எண்ணியது.

"மூணு உடைஞ்சிருக்கு" என்றேன்.

"நாலுப்பா. மூலையில ஒண்ணு இருக்கு."

பார்த்தேன். இருந்தது.

"இவங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விட்டா எனக்கு நஷ்டம். மகளை அனுப்பலாம்" என்றேன்.

விஷயம் மச்சான் காதுக்குப் போக ஒரு நாள் ஆனது. கூப்பிட்டு அனுப்பினார். அதே முன்னறை, அதே சொந்தங்கள்.

"படிக்க அனுப்பறீங்களா, கூத்தடிக்க அனுப்பறீங்களா?"

"பேச அனுப்பறேன், மச்சான்."

"பேசறதுக்கு யாராவது கடல் தாண்டிப் போவாங்களா? நூத்தி எண்பதாவது இடம்! பட்டியலைப் படிக்கத் தெரியாதவரு நீங்க, அதான்."

"படிக்கத் தெரியாதுதான். ஒரு கூட்டத்தப் பாத்து உயிர் இருக்கா இல்லையான்னு சொல்லத் தெரியும். அந்த மலையில உயிர் இல்ல."

என் மனைவி அதுவரை சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "அண்ணே, பொண்ணு பேசணும்னு ஆசைப்படறா. அதுக்குக்கூடத் தடை போட்டா எப்படி?" என்றாள்.

"அப்போ என் பணத்தைத் திருப்பிக் குடுங்க."

"தவணையாத் தர்றேன். ரெண்டு வருஷத்துல ஒரு நோட்டு பாக்கி இருக்காது."

"பார்க்கலாம். உங்க ஊமைக்கோட்டான் அங்க போயி என்னத்தக் கிழிக்குதுன்னும் பார்க்கலாம்."

மகள் என் பக்கத்திலேயே நின்றிருந்தாள். நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள்.  மேசையை அவள் பார்க்கவில்லை. அதை நான் குறித்துக்கொண்டேன்.

போனாள். முதல் மூன்று வாரம் அறையை விட்டு வகுப்புக்கு மட்டும்தான் போனாள். கதவைத் தட்டினார்களாம். இவள் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாளாம். "எப்படிம்மா இருக்க" என்றால் "ம்". சாப்பிட்டாயா என்றால் "ம்". மச்சான் தெருவில் பார்க்கும்போதெல்லாம், "என்ன, பிரசங்கம் ஆரம்பிச்சாச்சா?" என்பார். அந்த மாதம் முதல் தவணை கொடுக்கச் சின்ன வேனை விற்றேன். விற்ற வருத்தம் எனக்கில்லை. அந்த "ம்"தான் தூக்கத்தைக் கெடுத்தது.

பிறகு அவளாகவே ஒரு வேலை தேடிக்கொண்டாள். மாணவர் மன்றத்து அரங்கில் நிகழ்ச்சிக்கு முன்னால் நாற்காலி போடும் வேலை. வாயைத் திறக்க வேண்டாத வேலை என்றுதான் அதில் சேர்ந்தாள். என் ரத்தம், வேறெங்கே போகும்! ஒரு மாலையில் அறுநூறு பேர் வரும் நாடகம். உடன் வேலை செய்த பையன்கள் இடம் போதவில்லை என்று நடுவழியை மூடி, வாசல்வரை நாற்காலியை அடைத்துக்கொண்டே போனார்கள். கூட்டம் கதவுக்கு வெளியே நெருக்கிக்கொண்டு நின்றது. ஏதாவது ஆகி எல்லாரும் ஓடினால் வெளியே போக வழியில்லை. கிடங்கிலேயே வளர்ந்தவள், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"நிறுத்துங்க!" என்று கத்தியிருக்கிறாள். நம் மொழியில்! ஒருத்தருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லாரும் நின்றுவிட்டார்கள். பிறகு அவர்கள் மொழியில் சொல்லி, நாலு வரிசையை எடுக்க வைத்து, ஆறடி வழி விட்ட பிறகுதான் கதவைத் திறக்க விட்டாளாம்.

இதைச் சொல்லத்தான் மறுநாள் கூப்பிட்டாள். என் மனைவி எடுத்தாள். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "என்னங்க, இது நம்ம பொண்ணு நம்பர்தானா, பாருங்க" என்று என்னிடம் நீட்டினாள். மகள் நாற்பது நிமிடம் பேசினாள். நாடகம் முடிந்ததும் நாடகக்காரர்கள் இவளைப் பிடித்து உட்கார வைத்தார்களாம், எட்டு நாற்காலி வட்டத்தில். அந்த வட்டத்தில் இருந்த ஒருத்தி இன்றைக்கும் என் மனைவிக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிறாள், அம்மா என்ற ஒரே ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டு.

எல்லாம் பூவாக மலர்ந்துவிட்டது என்று கதை விட மாட்டேன். மதிப்பெண் குறைந்தது. முதலிடம் வாங்கியே பழகியவள், வகுப்பில் ஒன்பதாவதாக வந்தாள். ஒரு தடவை விவாத மேடையில் பாதியில் நின்று, கீழே இறங்கி ஓடியிருக்கிறாள். அடுத்த வாரம் அதே மேடையில் ஏறியிருக்கிறாள். கடைசி வருடம் அந்த அரங்கத்துக்கே பொறுப்பாளர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பினாள், அதுவும் தவணைக்குப் போனது. நேர்முகத் தேர்வுக்குப் போனாள். ஐந்து பேர் எதிரே. ஐம்பது நிமிடம். சம்பளம் இவ்வளவுதான் என்றதற்கு, அது போதாது என்று காரணத்தோடு வாதாடி ஏற்றி வாங்கியிருக்கிறாள். ஆறு நிமிடத்துக்கு இது பதில்.

வேலையில் சேரும் முன் ஒரு மாதம் ஊருக்கு வந்தாள். கடைசித் தவணை நாற்பதாயிரம் பாக்கி. எண்பது நோட்டு. நான் எடுத்து வைத்திருந்ததைப் பார்த்து, "நீங்க வச்சுக்குங்க. இது நான் குடுக்கறேன்" என்றாள்.

மூவரும் மச்சான் வீட்டுக்குப் போனோம். முன்னறையில் ஆட்கள் இருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

மகள் முன்னால் வந்தாள். "நான்தான் மாமா குடுக்கறேன்."

"நீயா? எந்த ரேங்க்கும்மா வந்த?"

"ஒன்பது, மாமா."

"பாத்தீங்களா மாப்பிள்ளை? மலைக்குப் போயிருந்தா முதல்ல வந்திருப்பா."

"வந்திருப்பேன். வந்து, இங்க உங்க முன்னாடி மேசையப் பாத்துட்டு நின்னிருப்பேன். கைய விரிங்க, மாமா."

மச்சான் கையை விரித்தார். நான் அதைத்தான் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த அறையில் விரிந்திருந்தது என் கை.

"ஒண்ணு" என்றாள். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மச்சான் மனைவி எட்டிப் பார்த்தார். "ரெண்டு. மூணு." மேடையில் நிற்கிறவளின் குரல், அவசரமில்லாத குரல். இருபது தாண்டியதும் தெருவில் போனவர்கூட நின்று திரும்பினார். முப்பத்தைந்தில் மச்சானுக்கு வியர்த்தது.

"போதும்மா, நம்பறேன். மிச்சத்த அப்படியே வை."

"கையில விழறது காதுலயும் விழணும், மாமா. உங்க சட்டம்தானே? முப்பத்தாறு."

 அவர் விரித்த கையை இடது கையால் கீழே தாங்கிக்கொண்டார். என் மனைவி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அடக்கவில்லை. எழுபது, எழுபத்தொன்று என்று அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. மாமாவின் கண்ணை விட்டு அவள் கண் நகரவில்லை.

"எழுபத்தொன்பது" என்றாள். கடைசி நோட்டை ஒரு தடவை நீவிவிட்டு, அந்த விரித்த உள்ளங்கையில் வைத்தாள்.

"எண்பது."