சேவியரின் ரப்பர் டியூப்

இன்று மியூனிக்கில், வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களுக்கான கடைக்குப் போனேன்.

"நுரை வெளியேற டியூப் வேணுமா, ஏர்லாக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

பாழாய்ப்போன சேவியர்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

எழுபதுகளில், மியூனிக் பக்கத்துக் கார்ஹிங் மாணவர் விடுதியில் நானும் நண்பன் சேவியரும் ஒரே நாளில் பீர் ஊறப்போட்டோம். என் ஜாடி மூடியில், வாயுவை மட்டும் வெளியே விடும், தண்ணீர் ஊற்றிய கண்ணாடி ஏர்லாக். அவன் தன் ஜாடியில் ஒரு ரப்பர் டியூபைச் செருகி, மறுமுனையை வாளித் தண்ணீரில் விட்டான்.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்குடா" என்று சிரித்தேன்.

மறுநாள் நுரை பொங்கி என் ஏர்லாக்கை அடைத்தது. மூடி கூரையில் போய் அடித்தது. நான் நாற்காலி மேல் ஏறித் துடைக்க, விடுதியே அவன் வாளியில் குமிழி வருவதை ரசித்தது.

"பாவம்டா நீ. என் பீரைக் குடிச்சுக்கோ."

அது தயாரானதும் குடித்தேன். நன்றாக வேறு இருந்தது!

"டியூப்தான் நல்லது" என்றார் கடைக்காரரும்.

ஏர்லாக்தான் வாங்கினேன்.

சேவியர், இந்தப் பதிவுக்கு லைக் போட்டால் பிளாக் செய்துவிடுவேன்.