மூட்டுக்காக எடுத்த ரத்தம்

பரவை காய்கறி மார்க்கெட்டுக்கு ரத்தம் எடுக்கப் போன அன்றுதான் என் மண்டை உடைந்தது.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். முழங்கால் மூட்டு எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரே காட்டிவிடும். தேய்கிற குருத்தெலும்பிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருட்களை அளந்தும் அதைச் சொல்ல முடியுமா என்று எங்கள் டாக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். மூட்டை தூக்குகிறவர்களில் பலருக்கு முழங்கால் வலி என்பதால் மார்க்கெட்டிலேயே மேஜை போட்டோம்.

முதலில் கையை நீட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. நான் விளக்கியதை முழுக்கக் கேட்டுவிட்டு, “எம்புட்டுத் தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சா சரிதாம்மா” என்றார்.

குழாய் பாதி நிறைந்திருந்தது. யாரோ மேஜையை எட்டி உதைத்தார்கள். அவருடைய தம்பி.

“எங்காத்தாகிட்டயும் இப்படித்தான் தெனமும் ரத்தத்த உறிஞ்சுனாய்ங்க. கடைசில பொணமாத்தான் குடுத்தாய்ங்க!”

என் கொண்டையைப் பிடித்துத் தலையை இரும்புத் தூணில் மோதினான். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. விழுந்த குழாய்களைச் செருப்புக் காலால் நொறுக்கினான். பிறகு தராசிலிருந்து எடைக்கல்லைத் தூக்கி என்னை நோக்கி ஓங்கினான். அண்ணன் கையில் குத்தியிருந்த ஊசியோடு எழுந்து குறுக்கே பாய்ந்தார். முழங்கால் தாங்கவில்லை, சரிந்தார். எனக்கு வந்த கல் அவருடைய வலது முழங்காலில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் கேட்டது.

அதற்குள் மற்ற சுமைக்காரர்கள் ஓடிவந்து தம்பியைக் கீழே தள்ளினார்கள். தக்காளிப் பெட்டிப் பலகையால் அடித்தார்கள், முகத்தில் மிதித்தார்கள். வாயிலிருந்து பல்லும் ரத்தமும் வந்தன.

“விடுங்கடா, செத்துருவான்டா!” என்று அண்ணன் நசுங்கிய தக்காளியில் தவழ்ந்துகொண்டே கத்தினார்.

எனக்கோ இன்னும் நாலு போடட்டும் என்றுதான் இருந்தது.

எனக்குத் தலையில் தையல். போலீசில் புகார் கொடுத்தேன். முழங்கால் கட்டுப் பிரித்தபின் அண்ணன் ஊன்றுகோலோடு லேப்புக்கு வந்து கையை நீட்டினார்.

“அன்னைக்கு எடுத்தது கொட்டிப்போச்சுல்ல. இப்ப எடுத்துக்கம்மா.”

டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். எலும்பு முறிந்து ஆறும்போது அதுவும் ரத்தத்தில் தெரியும், தேய்மானத்தைத் தனியாகப் பிரிக்க முடியாது என்றார்.

“அப்ப நான் லாயக்கில்லையா?” என்று அண்ணன் என்னைப் பார்த்தார். புகாரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறாரோ என்று நானே முந்திக்கொண்டேன்.

“கேஸ வாபஸ் வாங்க மாட்டேண்ணே.”

“வாங்காத. அவன் அடிச்சது அடிச்சதுதான்.”

வாசலில் ஆட்டோ பக்கத்தில், ஜாமீனில் வந்திருந்த தம்பி நின்றிருந்தான், முன்பல் இல்லாமல். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணனை ஏற்றிவிடக் கை கொடுத்தான். அவர் அதைத் தட்டிவிட்டு, கம்பியைப் பிடித்துத் தானே ஏறி உட்கார்ந்தார்.