கருப்புக்கு ஓனர் யார்

எங்கள் ஆபீஸ் கோரிப்பாளையத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடி. ஜன்னலைத் திறந்தால் சிக்னலில் நிற்கும் பஸ்களின் ஹாரன் சத்தம், மூடினால் புழுக்கம். ஜன்னலை மூடச் சொல்பவர் பத்மாசினி அக்கா. திறந்து வைப்பவன் விஜய்ஆனந்த். இந்தச் சண்டையில் தினமும் தோற்பது அக்காதான்.

அக்காவுக்கு அடுத்த மேஜை என்னுடையது. சோழவந்தானில் வெற்றிலை மண்டி வைத்திருக்கும் முத்திருளன் எங்கள் வாடிக்கையாளர். எந்தக் கொடிக்காலில் இருந்து எத்தனை கவுளி வெற்றிலை வந்தது, எந்தக் கூடை எந்த ஊருக்குப் போகிறது என்று அவர் ஆட்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதைக் கம்ப்யூட்டரில் தட்டிப் போடுவது என் வேலை. தட்டியதெல்லாம் உள்ளே போய் டேட்டாபேஸில் உட்காரும். அது சரக்கு அடுக்கி வைக்கும் பெரிய கிட்டங்கி மாதிரி. உள்ளே அறை அறையாக டேபிள்கள். அந்தக் கிட்டங்கியைப் பார்த்துக்கொள்வது அக்கா.

அக்காவின் வீடு மகால் பக்கம். கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னையில் வேலை பார்த்தவர். ஜவுளிக்கடை சாய்பிரசாத்தைக் கட்டிக்கொண்டு மதுரைக்குத் திரும்பினார். பிள்ளைகள் பிறந்தார்கள், வேலை நின்றது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு வேலை தேடினால், எல்லோரும் இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்றே கேட்டார்களாம். "தூங்கிக்கிட்டு இருந்தேன்னு சொல்லலாம்னு பாத்தேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். கடைசியில் எங்கள் முதலாளி ஜனகராஜ், தூரத்துச் சொந்தம் என்பதால், கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று சேர்த்துக்கொண்டார். அந்தக் கொஞ்ச நாள் முடிகிறபாடில்லை. அக்காவுக்கு இன்னும் நிரந்தர வேலை இல்லை. பொங்கலுக்கு எல்லோருக்கும் கிடைத்த பை கூட அவருக்குக் கிடைக்கவில்லை. பையில் என்ன இருந்தது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அப்படி இருக்கும்போதுதான் முத்திருளன் போன் செய்தார். அந்தக் கிட்டங்கியை முதலில் கட்டியவன் மருது. அக்கா வருவதற்கு முன்பே வேலையை விட்டுப் போனவன். இப்போது அதே கடைவீதியில் எதிர் மண்டிக்கு வேலை செய்கிறானாம். ஆனால் அவன் பெயர் இன்னும் நம் டேட்டாபேஸில் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் அதை எடுக்காவிட்டால் வேறு கம்பெனி பார்த்துக்கொள்வேன் என்றார். அவன் உள்ளே வர முடியாதபடி இப்போதே பூட்டிவிடுகிறேன் என்று அக்கா சொல்லிப் பார்த்தார்.

"பூட்டுறது பத்தாதும்மா. பேரே இருக்கக் கூடாது. பேரு இருந்தா ஆளு இருக்க மாதிரிதான்."

ஜனகராஜ் அக்காவைக் கூப்பிட்டு, இதை முடித்தால் சோழவந்தான் உன் பொறுப்பு, வேலையும் நிரந்தரம், முடியாவிட்டால் விஜய்ஆனந்திடம் கொடுத்துவிடுகிறேன் என்றார். அப்புறம் அக்கா என்ன ஆவார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. விஜய்ஆனந்த் அன்றைக்கே தன் நாற்காலியை அக்காவின் மேஜைப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டான்.

அக்கா மருதுவின் பெயரை நீக்கச் சொல்லி மெஷினுக்குக் கட்டளை கொடுத்தார். முடியாது என்றது. இந்த ஆளை நம்பிச் சில பொருள்கள் இருக்கின்றன, இன்ன டேட்டாபேஸில் இத்தனை என்று எண்ணிக்கை மட்டும் சொன்னது. என்னென்ன என்று சொல்லவில்லை.

"இத்தனைன்னு சொல்லத் தெரியுது, எதுன்னு சொல்லத் தெரியலையா உனக்கு" என்று அக்கா ஸ்கிரீனைக் கேட்டார்.

கோபம் கொஞ்சமாக இருந்தால் அக்கா தமிழில் திட்டுவார். அதிகமானால் தங்கள் சௌராஷ்டிர மொழிக்குப் போய்விடுவார். அன்று மத்தியானத்திற்குள் போய்விட்டார்.

உள்ளே போய்த் தோண்டினால் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று எண்கள் கிடைத்தன. முதல் எண், அது எந்த வகை என்று சொல்லும். இரண்டாவது, அந்த வகையில் எந்தப் பொருள் என்று. மூன்றாவது, அந்தப் பொருளுக்குள் எந்தப் பத்தி என்று. மூன்றாவது சைபராக இருந்தால் முழுப் பொருள் என்று அர்த்தம். அக்கா இதை எனக்குச் சொன்னது எனக்காக அல்ல. சத்தமாகச் சொன்னால் தனக்குத் தெளிவாகும் என்பதற்காக. இந்த மூன்று எண்களையும் கொடுத்தால், அது என்ன பொருள் என்று மனிதர் படிக்கிற மாதிரி ஒரு வரியில் சொல்ல மெஷினுக்குள்ளேயே ஒரு பங்ஷன் இருக்கிறது. அக்கா அதைக் கூப்பிட்டார். வரிசையாக வந்தது:

டேபிள் கருப்பு. கருப்பு டேபிளின் மேல் ஒரு கட்டு, அதாவது பிணைக்கும் விதி. இன்னொரு டேபிளில் இருந்து கருப்புக்குப் போகும் கட்டு. இன்னொன்றில் இருந்தும் கருப்புக்கு. கீழே இறங்க இறங்கக் கருப்பு.

"என்னடா இது" என்றார் அக்கா.

விஜய்ஆனந்துக்குத் தெரிந்திருந்தது. மருதுவுக்கு மேற்கே செக்கானூரணி தாண்டிக் கிராமம். அவர்கள் வீட்டில் எந்தக் காரியமும் குலசாமி சங்கிலிக்கருப்பின் பெயரைச் சொல்லாமல் தொடங்கமாட்டார்கள். மருதுவும் அப்படியே. கிட்டங்கி கட்டும்போது முதலில் கருப்பு என்று ஒரு டேபிளைப் போட்டான். அதில் ஒரே ஒரு வரி, கருப்பு துணை என்று. மனைக்கு நடுவில் முதல் கல் ஊன்றுவது போல. அதோடு விட்டிருக்கலாம். சாமியைத் தனியாக நிறுத்தக் கூடாது என்று, பிறகு போட்ட எல்லா டேபிளையும் அதோடு கட்டிவிட்டான். எந்தக் கவுளிக் கணக்கும் கருப்பைத் தொட்டுக்கொண்டுதான் உள்ளே வர முடியும். கூடையில் ஒட்டுகிற லேபிளின் தலையில் வரும் 'கருப்பு துணை' கூட அங்கிருந்துதான் வருகிறது.

"இதுக்கு ஒரு உபயோகமும் கிடையாது. எடுத்துடுறேன்" என்றார் அக்கா.

ஜனகராஜ் அறையில் இருந்து எழுந்தே வந்துவிட்டார். இருவரும் தங்கள் மொழியில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கருப்பு என்ற சொல் மட்டும் புரிந்தது. அது அடிக்கடி வந்தது. கடைசியில் முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

"நம்ம சாமின்னா பரவாயில்ல, கால்ல விழுந்து சமாதானம் சொல்லிக்கலாம். இது அவங்க சாமி. நம்ம சொன்னா கேக்குமா? எடுக்கக் கூடாதும்மா."

"சார், அது டேபிள்."

"டேபிள்தான். யாரு இல்லைன்னா?"

சரி, எடுக்கவில்லை, எல்லாவற்றையும் மொத்தமாக உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள் அக்கா, ஒரே வரியில் முடிந்துவிடும் என்றான் விஜய்ஆனந்த். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. எது எது என்று பார்க்காமல் தன் பெயரில் எழுதிக்கொண்டால் நாளைக்கு எது வெடித்தாலும் தன் தலையில்தான் விழும் என்றார். அதனால் ஒத்திகைப் பிரதியில் ஒவ்வொன்றாக ஓனர் பெயரை மாற்றிப் பார்த்து, எது எதை நம்பி இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடிவு செய்தார். ஒத்திகைப் பிரதி என்பது நிஜ கிட்டங்கியை அப்படியே நகல் எடுத்தது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் எதையும் உடைத்துப் பார்க்கலாம்.

அக்கா கருப்பு டேபிளை மருது பெயரில் இருந்து தன் பெயருக்கு மாற்றினார். அவர் டீயில் வாய் வைப்பதற்குள் சோழவந்தானில் இருந்து போன் வந்தது. லேபிள் வரவில்லை. கூடைகள் வேனில் ஏறாமல் நிற்கின்றன, வெயில் ஏறுகிறது, இலை வாடினால் யார் பொறுப்பு என்று முத்திருளன் கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

அக்கா மாற்றியது ஒத்திகையில் அல்ல, நிஜத்தில். லேபிள் அடிக்கும் புரோகிராம் மருதுவின் அனுமதியில்தான் கருப்பைப் படித்துக்கொண்டிருந்தது. மருது நகல் எடுத்தபோது எண்கள் கூட மாறாமல் வந்திருந்தன. இரண்டிலும் அதே மூன்று எண்கள், இரண்டிலும் அதே பதில், டேபிள் கருப்பு. எந்த டேட்டாபேஸில் நின்றுகொண்டு கேட்கிறோம் என்பதை அந்த வரி சொல்லாது. அக்கா தெரு மாறி நின்று கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே இருந்தும் அதே பெயர் குரல் கொடுத்திருக்கிறது.

உடனே பழைய பெயரைத் திரும்ப வைத்தார். லேபிள் வந்தது. ஆனால் ஜனகராஜ் மேலே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

"நான் எடம் மாறி நின்னது என் தப்பு. அதுக்குச் சாமிய எதுக்கு சார் இழுக்குறீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார் முதலாளி.

விஜய்ஆனந்த் சிரித்தான். அக்கா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு மட்டும் யாரும் அதைத் திறக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால், நான் எந்த டேட்டாபேஸில் இருக்கிறேன் என்று மெஷினையே கேட்டு, பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்டார். ஒரு வரியில் பேசும் அந்தப் பங்ஷனை விட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். அது கதை சொல்லாது. வகை, இருக்கும் இடம், பெயர், முழு அடையாளம் என்று தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும். எல்லாவற்றையும் அப்படிப் பிரித்துப் பார்த்து, புரிந்ததை மட்டும் ஒவ்வொன்றாகத் தன் பெயருக்கு மாற்றினார். நான் கொடிக்கால் கணக்கைத் தட்டிக்கொண்டே பார்த்தேன். அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எந்த மொழி என்று தெரியவில்லை.

கடைசியில் மருதுவின் பெயரில் மிஞ்சியது கருப்பு டேபிள் மட்டும். அதையும் தன் பெயருக்கு மாற்ற அக்கா தயார். ஜனகராஜ் தயாராக இல்லை. ஒரு குலசாமி வேறு குலத்து ஆள் பெயரில் இருக்கலாமா என்று கேட்டார். அப்படியென்றால் உங்கள் பெயருக்கு மாற்றட்டுமா என்று அக்கா கேட்டார். முதலாளி தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அக்கா நேராக முத்திருளனுக்கே போன் செய்தார். பொறுமையாகத்தான் ஆரம்பித்தார்.

"ஐயா, எல்லாம் முடிஞ்சுருச்சு. கருப்பு மட்டும் மிச்சம். அதுக்கு ஒரு ஓனர் வேணும். யார் பேர்ல போடுறது?"

"இதென்னம்மா கேள்வி. கருப்பு எங்களுக்கும் சாமிதான். என் பேர்ல போடு."

"உங்க பேர்ல போட்டா அதை அழிக்கிற உரிமையும் உங்களுக்கு வந்துரும். தெரியாம அழிச்சீங்கன்னா..."

"ஏந்தாயி, எங்க சாமிய நான் அழிப்பனா?"

அக்கா போனை வைத்தார். பிறகு லேபிள் நிற்காதபடி கருப்பைப் படிக்க முதலில் அனுமதி கொடுத்துவிட்டு, அந்த மண்டியின் லாகின் கணக்குக்கு அந்த ஒரு டேபிளை மட்டும் மாற்றினார். வேறு எதையும் தொட முடியாதபடி அந்தக் கணக்கைக் கட்டிப்போட்டார். மருதுவை நீக்கச் சொல்லி மறுபடி கேட்டார். இந்தத் தடவை மெஷின் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. முடிந்தது என்று ஒரே வரி. அக்கா அதை நம்பாமல், எந்த டேட்டாபேஸ் என்று மறுபடி கேட்டுப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் முத்திருளன் போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட, ஜனகராஜும் விஜய்ஆனந்தும் அவர் மேஜையைச் சுற்றி நின்றார்கள். சரியாக எடுத்திருக்கிறார்களா என்று சோதித்துவிட்டேன், உள்ளே போக முடியவில்லை என்றார் அவர். எப்படிச் சோதித்தீர்கள் என்று அக்கா கேட்டார்.

"மாப்ள இங்கதானே இருக்கான். அவனையே போட்டுப் பாக்கச் சொன்னேன்."

பக்கத்தில் இருந்து ஒரு குரல் கேட்டது. "வணக்கங்க்கா. மருது பேசுறேன்."

எந்த ஆளின் பெயர் கூட இருக்கக் கூடாது என்று முத்திருளன் வாரம் முழுக்க எங்களை விரட்டினாரோ, மாப்பிள்ளை முறையான அந்த ஆளையே பக்கத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். கிளாஸ் வைக்கிற சத்தம் கூடக் கேட்டது.

"அக்கா, கருப்பு இருக்குல்ல?"

"இருக்கு."

"யாரு பேர்ல இருக்கு?"

"உங்க மாமா பேர்ல."

"அப்பச் சரிக்கா. தொழில் வேற, அது வேற" என்றான் மருது. பின்னால் முத்திருளன், இனிமேல் எதுவானாலும் அந்த அம்மாவிடமே பேசிக்கொள்கிறேன், வேறு யாரும் வேண்டாம் என்று முதலாளிக்குச் சொல்லச் சொன்னார். முதலாளி தலையாட்டினார். அது போனில் தெரியாது என்று அக்கா அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

விஜய்ஆனந்த் நாற்காலியைத் தன் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். ஜனகராஜ் அறைக்குப் போய், திங்கட்கிழமை நிரந்தர ஆர்டரைத் தருகிறேன் என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். அக்கா எனக்கு மட்டும் கேட்கும்படி, "இந்த ஆளு இனிமே தெனமும் எனக்குப் போன் பண்ணுவாரு. இதுக்குத்தான் நான் அம்புட்டுப் பாடுபட்டேன்" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. முத்திருளன்தான். டேபிள் தன் பெயருக்கு வந்துவிட்டதால், அதில் இருக்கும் அந்த ஒரு வரிக்குக் கீழே தன் அப்பா பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டார்.